முக்கொம்புத் தண்ணீரும் ஆடிய பெஞ்சும்

எங்கள் ஸ்டூடியோவில் பாவம் என்றால் ஒன்றுதான்: அசைவது. அசைந்தவர் முகம் படத்தில் கலங்கிவிடும், படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டு வீண். என் கல்யாணப் படமே அப்படிக் கெட்டதுதான். எடுத்தவர் என் முதலாளி. "புதுப்பொண்ணு அசைஞ்சிருச்சு" என்று அவர் அன்று சொன்னதை, வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ஐந்து வருஷமாக என் மனைவியிடம் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிப்பட்ட கடையில் வேலை பார்த்துக்கொண்டு, முக்கொம்பு மதகில் விழும் தண்ணீரை வேண்டுமென்றே அசையவிட்டுப் படம் எடுப்பேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். லென்ஸ் மூடியைத் திறந்து நிதானமாக இருபது எண்ணினால் தண்ணீர் புகை மாதிரி விழும். அந்தப் படம் தெப்பக்குளத்துக் கடைவீதியில் எங்கள் கடை வாசல் கண்ணாடிக்குள் தொங்க வேண்டும். அதுதான் என் ஆசை. உலகச் சண்டை நடந்த காலம், பிளேட்டு கிடைப்பதே குதிரைக்கொம்பு. முதலாளி இரண்டு கொடுத்தார்.

முதல் பிளேட்டை மதகுப் பாலத்தின் மேலேயே முக்காலி வைத்து எடுத்தேன். கழுவிக் காட்டியதும் முதலாளி சிரித்துவிட்டார்.

"தண்ணி ஆடுறது சரிப்பா, மதகுச் சுவருமா ஆடும்? இன்னொன்னும் கெட்டா இந்தத் தண்ணிப் பேச்சையே விட்டுடணும்."

இருபது எண்ணி முடிக்கும்வரை நான் காமிராவைத் தொடவே இல்லை. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. விடுவதாக மட்டும் இல்லை.

மறுநாள் காலை வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

"காலை ஆட்டாதீங்க, காப்பி தளும்புது" என்றாள் மனைவி.

பக்கத்திலிருந்த டம்ளரைப் பார்த்தேன். அதை யாரும் தொடவில்லை, பெஞ்சுதான் ஆடியது. வெள்ளம் இடித்துக்கொண்டு ஓடும் பாலமும் இப்படித்தான் நடுங்கியிருக்கிறது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. கல்யாணத்தன்று எங்கள் இருவரையும் உட்காரவைத்ததும் ஒரே பெஞ்சில்தான். வெட்கமாக இருந்தது. அதை மட்டும் சொல்லாமல் விழுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் முக்கொம்புக்குப் போனோம். முக்காலியைக் கரையில் கெட்டி மண்ணில் ஊன்றி, அடியில் கல் மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன். அசையாத ஆள் ஒருவர் படத்தில் இருந்தால்தான் தண்ணீர் அசைந்தது தெரியும் என்றேன்.

"நான் நிக்கிறேன்" என்று அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மதகோரப் பாறையில் போய் நின்றாள்.

மூடியை எடுத்தேன். சாரல் அவள் முகத்தில் அடித்தது. பன்னிரண்டு எண்ணும்போது கன்னத்தில் ஈ உட்கார்ந்தது. இருபது வரை அவள் உதடுகூட அசையவில்லை.

படத்தில் தண்ணீர் புகையாக விழுந்தது. அவள் புடவைக் கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். முதலாளி வெகுநேரம் பார்த்தார்.

"யாருப்பா இது, இப்படி நின்னது?"

"உங்க பிளேட்டைக் கெடுத்ததாச் சொன்னீங்களே, அந்தப் புதுப்பொண்ணுதாங்க. அன்னிக்கு அசைஞ்சது அவ இல்ல, என் காலு."

அவர் எழுந்து போய் வாசல் கண்ணாடிக்குள் இருந்த ஜமீன்தார் படத்தைக் கழற்றி என் படத்தை மாட்டினார்.

வீட்டுக்கு வந்து அவளிடமும் ஒப்புக்கொண்டேன். அவள் காப்பி டம்ளரைப் பெஞ்சில் வைக்காமல் என் கையில் கொடுத்தாள்.

"தெரியுங்க. அன்னிக்கு அந்தப் பெஞ்சுல நானும்தானே உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.