அபிராமபுரம் லேபில் நிரம்பிப்போன லாக்

கரோல் நந்தனத்தில் ஓர் அலுவலகத்தில் டேட்டாபேஸ்களைப் பராமரிப்பவள். ஒழுங்காக நடக்கும்வரை யார் கண்ணுக்கும் தெரியாத வேலை. அவள் அப்பா காஸ்பருக்கே அது சரியாகப் பிடிபட்டதில்லை.

அன்று லீவு போட்டுவிட்டு அப்பாவைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அபிராமபுரத்தில் ஒரு லேபுக்கு அழைத்து வந்திருந்தாள். வெறும் வயிற்றோடு வந்தவர்களால் ஹால் நிரம்பியிருந்தது. திடீரென்று கவுண்டரில் பதிவு நின்றுபோனது. பெயரை அடித்தால் ஏறவே இல்லை. உரிமையாளர் வைரவன் உள்ளேயிருந்து ஓடி வந்தார். லேபின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வாஜித் திரையைத் துழாவிவிட்டு, "டிஸ்க் ஃபுல் சார். இந்த ஒரு லாக் ஃபைலே மொத்த எடத்தையும் முழுங்கிகினு கீது. அழிச்சிரவா?" என்றான்.

"அழிச்சிருப்பா. சனங்க பசியோட நிக்காங்க."

கரோலுக்குப் பகீரென்றது. ஆனாலும் முன்பின் தெரியாத இடத்தில் எப்படித் தலையிடுவது? காஸ்பர் அவள் முகத்தைக் கவனித்துவிட்டு, "உனக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்னா போய்ச் சொல்லும்மா" என்றார்.

எழுந்து போனாள். "அதை அழிச்சிடாதீங்க. எனக்கு இதுதான் வேலை."

வைரவன் ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பேஷண்ட்கூட வந்தவங்கல்லா?"

"ஆமா சார். எந்தப் பதிவும் முதல்ல அந்த லாக்லதான் எழுதப்படும். இப்ப அழிச்சா, காலையில ஏத்தின ரிசல்ட் சிலது போயிடலாம். டேட்டாபேஸ் திறக்காமலேகூடப் போகலாம். லாக்கை வேற டிஸ்க்ல பேக்கப் எடுத்தா, லாக்குக்குள்ள இடம் தானா காலியாகும். கடைசியா எப்ப எடுத்தீங்க?"

வாஜித் தேடினான். தானாக நடக்க வேண்டிய பேக்கப், யாரோ பாஸ்வேர்டை மாற்றியதிலிருந்தே நடக்கவில்லை. அதைச் சொல்லும் மெயில்களெல்லாம் வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தன.

"ரத்தம் எடுக்கிறதை நிறுத்த வேணாம்" என்றாள் கரோல். "குழாய்ல விவரத்தைக் கையால எழுதி ஒட்டிடுங்க. அப்புறம் ஏத்திக்கலாம்."

வைரவன் தலையாட்டினார். காஸ்பரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவர், "என் முறை வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

கரோல் கீபோர்டைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, வாஜித் தனி ஹார்ட் டிஸ்கைச் செருகி பேக்கப்பைத் தொடங்கினான். அது ஊர்ந்தது. நடுவில் ஏதாவது அறுந்துவிடுமோ என்று அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவழியாக முடிந்தது. வாஜித் ஒரு பெயரை அடித்தான்.

"ஏறிடுச்சி மேடம்! ஆனா ஃபைல் சைஸ் அப்டியே கீதே?"

"டப்பா அதேதான், உள்ளதான் காலி. கூட்டம் குறைஞ்சதும் சுருக்கிக்கலாம். இனிமே லாக் பேக்கப் மணிக்கொரு தரம் ஓடட்டும். தவறினா உங்க ஃபோனுக்கே தகவல் வர்ற மாதிரி வைங்க."

"மாசம் ஒருக்க வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்றார் வைரவன். ஆபீஸில் அதற்கு அனுமதியில்லை என்று சிரித்து மறுத்தவள், வாஜித்துக்குத் தன் நம்பரை மட்டும் கொடுத்தாள்.

பிறகு ஹோட்டலில் இட்லி வந்தும் காஸ்பர் கை வைக்கவில்லை. அழித்திருந்தால் யாருடைய ரிசல்ட் போயிருக்கும், எப்படி மீட்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கரோலும் அலுக்காமல் சொன்னாள்.

சில வாரம் கழித்து வாஜித் கூப்பிட்டான். "பேக்கப் நின்னுச்சின்னு மெசேஜ் வந்துச்சி மேடம். பதிவு நிக்கறதுக்குள்ள நானே சரி பண்ணிட்டேன். லேப்ல யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட சொல்லலாமேன்னுதான்."

"நல்ல வேலை பண்ணீங்க" என்றாள் கரோல். அவளுக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.