மனோ அக்காவின் கேள்வி இதுதான்

நோர்வேயில், ஹொல்ம்லியா மண்டபத்தில் அன்று நான் நோர்வேஜிய மொழியில் சொல்லாமல் விட்டது இது:

"எங்களுக்குச் சமாதானம் பேச வந்திருக்கிறீர்கள். உங்கள் கூட்டாளியான அமெரிக்கா, அணுகுண்டை முதலில் தானே போடும் உரிமையைக் கைவிட மறுக்கிறது. அந்தக் குண்டு தன்னையும் காக்கும் என்று நோர்வே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு நகரத்தை முழுதாக எரிப்பதற்கு முன்கூட்டியே சம்மதம் கொடுத்தவர்கள், எங்கள் நகரத்துக்காக எப்படி நியாயம் பேசுவீர்கள்?"

கேட்டவர் மனோ அக்கா. மொழிபெயர்க்க அவருக்குப் பக்கத்தில் நின்றவள் நான்.

அவர் இறந்த செய்தி வந்தபோது ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலுக்கு நின்றேன். "அக்கா காலமை நித்திரையாலை எழும்பேல்லை," என்றார் அவருடைய தம்பி தொலைபேசியில். எனக்கு முதலில் வந்த நினைப்பு வெட்கக்கேடானது: இனி அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் மருத்துவமனை ஆய்வுகூடத்தில் இரத்தம் பரிசோதித்தவர். கலியாண வீடுகளில் கடைசிவரை நின்று பாத்திரம் கழுவியவர். நகரத்தில் ஓர் அறையில் வியாழக்கிழமைகளில் கூடிய அணுவாயுத எதிர்ப்பு வாசிப்புக் குழுவில் அவரும் நானும் மட்டுமே தமிழர். வல்லரசுகளின் அணுவாயுதக் கோட்பாடுகளை அத்தியாயம் அத்தியாயமாக வாசிப்பதுதான் அங்கே வேலை. அவர் வந்த முதல் நாளே ஒருவர் கனிவோடு, யாழ்ப்பாணத்தில் குண்டு விழுந்த அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டார். மனோ அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்:

"அதை நான் என்ரை டொக்டருக்குச் சொல்லுவன். இஞ்சை மூண்டாம் அத்தியாயத்தைப் பற்றிக் கதைக்க வந்தனான்."

அப்படியே கதைத்தார். எந்தச் சூழலில் குண்டைப் போடுவோம் என்பதை அமெரிக்கா வேண்டுமென்றே தெளிவில்லாமல் வைத்திருக்கிறது, எதிரி எப்போதும் பயத்திலேயே இருக்கவேண்டும் என்பதற்காக. அதை ஒருவர் விவேகமான கொள்கை என்றார். மனோ அக்கா சிரித்துவிட்டார். "பிளேன் மேலை சுத்திக்கொண்டு நிக்கும். போடுவானோ மாட்டானோ எண்டு தெரியாது. பங்கருக்குள்ளை இருந்த எங்களுக்கு அதுக்கு இப்பிடி ஒரு பேர் இருக்கெண்டு தெரியாமல் போச்சு."

அணுகுண்டு போருக்கானதல்ல, போரைத் தடுக்கத்தான் என்று நான் ஒருநாள் புத்தகத்தில் வாசித்ததை ஒப்பித்தேன். அவர் விடவில்லை. "வெருட்டு வேலை செய்யவேணுமெண்டால், செய்வன் எண்டு மனசார நினைக்கவேணும். மற்றவனும் அதை நம்பவேணும். மனசார நினைச்சவனோடை கூட்டுச் சேந்து நிக்கிறவனும் நினைச்சவன்தான், பிள்ளை. பாதுகாப்புக் குடை எண்டு சொல்லுகினம். நெருப்பு மழை பெய்யிற குடையை எங்கை கண்டனீர்?"

அது ஊரில் போர்நிறுத்தக் காலம். நோர்வே நடுவில் நின்றது. சமாதானப் பேச்சோடு தொடர்புடைய அதிகாரி ஒருவரை எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கம் மண்டபத்துக்கு அழைத்திருந்தது. சபைக்கும் விளங்கவேண்டும் என்பதால் கேள்விகள் தமிழில், விருந்தினருக்கு நான் மொழிபெயர்ப்பு என்று ஒழுங்கு. மனோ அக்கா என்ன கேட்கப்போகிறார் என்பது எப்படியோ சங்கத் தலைவருக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் மறித்தார்.

"தங்கச்சி, அவங்கள் எங்கடை பிரச்சினையைத் தீர்க்க வந்திருக்கிறாங்கள். நீர் அவங்கடை கூட்டாளியின்ரை குண்டைப் பற்றிக் கேக்கப் போறீர். உமக்கென்ன விசரோ?"

"ஓம் அண்ணை, விசர்தான். ரண்டு நிமிசம் தாங்கோ, காட்டிப்போட்டு இருக்கிறன்."

தலைவர் அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "பிள்ளை, நீர் கெட்டிக்காரி. பாத்துச் சொல்லும்."

பார்த்துச் சொன்னேன். நோர்வேயின் முயற்சிக்கு இவர் நன்றி சொல்கிறார், அணுவாயுதம் இல்லாத உலகம் வேண்டும் என்பது இவருடைய விருப்பம் என்றேன். விருந்தினர் நெஞ்சில் கைவைத்து, தமக்கும் அதே விருப்பம்தான் என்றார். முன்வரிசை கைதட்டியது. மனோ அக்காவுக்கு நோர்வேஜிய மொழி என்னளவுக்குத் தெரியும். அவர் வாய் திறப்பதற்குள் மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது; அவர் விசாவைப் பற்றிக் கேட்டார்.

திரும்பும் ரயிலில் ஒன்றே ஒன்று சொன்னார். "நல்லாய்ச் சொன்னீர். என்னை நல்ல மனுசியாக்கிப்போட்டீர்."

வியாழக்கிழமைகளில் அதன்பிறகும் வந்தார், கதைத்தார். ஆனால் தான் அடிக்கோடிட்ட தாள்களை என்னிடம் நீட்டுவதை நிறுத்திவிட்டார். ஓர் இலையுதிர்காலம் முழுவதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. சமூகத்துக்காகச் செய்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பெரிய நாடுகளும் அப்படித்தான் சொல்கின்றன.

செத்தவீட்டில் தலைவர் ஒரு கடிதத்தைத் தமிழாக்கி வாசித்தார். சங்கம் செய்தி அறிவித்ததும் அந்த அதிகாரி அனுப்பிய அனுதாபக் கடிதம். நோர்வேக்கு மனமுவந்து நன்றி சொன்ன அந்தப் பெண்மணியை மறக்கமாட்டேன் என்று எழுதியிருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சனம் தலையாட்டியது. அவர் ஒருபோதும் சொல்லாத நன்றி அது. நான் அவர் வாயில் வைத்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொன்னார்கள். நடந்ததை எழுதிக் கொடுத்தேன். தலைவர் அழைத்தார்.

"இதைப் போடேலாது பிள்ளை. செத்தவீட்டு மலரிலை அணுகுண்டோ?"

"அவ உயிரோடை இருக்கேக்கையும் அதைத்தானே கதைச்சவ."

"அந்த மனுசன் என்ன நினைக்கும்? நாங்கள் அவரை ஏமாத்திப் பேய்க்காட்டினதெண்டல்லோ வரும்."

"பேய்க்காட்டினதுதானே அண்ணை. அப்ப மலரிலையிருந்து அவற்றை கடிதத்தையாவது எடுங்கோ."

"அது அச்சுக்குப் போயிட்டுது."

மனோ அக்காவின் தம்பி, அவர் விட்டுப்போனவற்றில் ஏதாவது எடுத்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். புத்தகம், கோப்பு, ஒன்றும் எடுக்கவில்லை. மனோ அக்கா என்னோடு கோபத்தோடுதான் போனார். அந்தக் கோபம் நியாயமானது. நான் வைத்திருப்பது அதைத்தான். "அவ உம்மை எப்பவோ மன்னிச்சிருப்பா" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம்.

மலர் சொன்ன நாளில் வெளிவந்தது. முதற்பக்கத்தில் அந்தக் கடிதம் இருக்கிறது. அதே வாரம் மனோ அக்காவின் கேள்வியை நோர்வேஜிய மொழியில் முழுதாக எழுதி, நான் செய்ததையும் எழுதி, கையெழுத்திட்டு அந்த அதிகாரிக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை.