கார்த்திகை மாசத்துல கடலோர வீடு

ரெண்டரை அடி. இந்த அளவை ஞாபகத்துல வெச்சுக்கோங்க. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல கிருஷ்ணம்மா வீட்டுத் தறிக்குழியோட ஆழம் அது.

நெய்றது கோர்வைப் புடவை. உடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ரெண்டு ஆள் இல்லாம ஆகாது. வீட்டுக்காரரு மாணிக்கவாசகத்துக்கு முட்டி போனதுலேருந்து குழியில காலை வெச்சு மிதி மிதிக்கிறது கிருஷ்ணம்மா. பக்கத்துல உக்காந்து கரை நூல் ஓடறதுக்கு நாடா போடறது அவரு. ஒருத்தர் எழுந்தா ரெண்டு பேருக்கும் வேலை நிக்கும். தறியில இப்படி ரெண்டு பேருமா மொத்தம் முப்பத்தி நாலு வருஷம்.

அந்தம்மா ஆசைப்பட்டது பெருசா ஒண்ணும் இல்ல. பெத்த ரெண்டு புள்ளைங்க, பேரப்புள்ளைங்களோட மூணு நாள் கடல் பக்கமா ஒரே வீட்டுல இருக்கணும். இத்தினி வருஷத்துல வீட்டைப் பூட்டிக்கினு போய் வெளியில தங்கினதுன்னா ஒண்ணு கல்யாண வீடு, இல்ல சாவு வீடு. ரெண்டும் இல்லாம ஒரு தடவை. அவ்ளோதான்.

ஒரகடத்துல கம்பெனி வேலைக்குப் போற பொண்ணு இளவரசி ஒரு ஞாயித்துக்கிழமை போனை நீட்டுனா. சதுரங்கப்பட்டினத்துல ஒரு வீடு. மூணு ரூமு, சமையல்கட்டு, எதிர்ல கடலு.

“கார்த்திகையில எடுத்தா வாடகை பாதிதாம்மா.”

“பாதிக்கு இன்னாத்துக்குத் தர்றான்?”

“ஆஃப் சீசன்மா.”

“புயல் சீசன்னு சொல்லு,” மாணிக்கவாசகம் நூலைப் பிரிச்சிக்கினே சொன்னாரு. “பேரை மாத்தி விக்கிறான்.”

சரியாத்தான் சொன்னாரு. ஒரு பொருள் பாதி வெலைக்கு வருதுன்னா மீதிப் பாதியை யாரோ உன் தலையில வேற விதமா ஏத்தி வெச்சிருக்கான்னு அர்த்தம்.

“அப்போ தையில போலாம்மா,” இளவரசி கேட்டா.

“தையில முகூர்த்தம். தறியை நிறுத்துனா முதலாளி சும்மா விடுவாரா?”

“பங்குனி?”

“ஏகாம்பரநாதர் உற்சவம்.”

“வைகாசி?”

“கருட சேவைக்கு சொந்தக்காரங்க பூரா நம்ம வீட்டுலதான் படுத்திருப்பாங்க. அவங்களை விட்டுட்டு நாம எங்க போறது?”

“ஆடி?”

“ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலதான்டி நெய்யணும்.”

“பதிமூணாவது மாசம் ஒண்ணு வரட்டும்மா, போலாம்,” இளவரசி உதட்டைச் சுழிச்சா.

கார்த்திகை மட்டும்தான் மிச்சம். அடமழைக்குச் சாயம் போட்ட பட்டு காயாது. தறியில ஏத்துற பாவு நூலைத் தெருவுல நீட்ட முடியாது. தறி எப்படியும் நாலு நாள் சும்மா கெடக்கும். நெசவாளிக்கு லீவு விடறது சர்க்காரும் இல்ல, முதலாளியும் இல்ல. மழைதான் விடுது. அதே மழைதான் புயலையும் கூட்டிக்கினு வருது.

“டிசம்பர் கடைசியில போனா புயல் வராதாம்மா. புள்ளைங்களுக்கும் லீவு.”

“எவன் சொன்னான்? தானே புயல் எப்போ வந்தது? தறியில அரக்குப் புடவை, மயில்கண் கரை. வருஷம் பொறக்க ரெண்டு நாள் இருந்தது.”

இளவரசி போன்ல தட்டிப் பார்த்தா. டிசம்பர் முப்பது.

“வர்தா?”

“மாம்பழ மஞ்சள். மார்கழி பொறக்கல.”

“நிவர்?”

“பச்சை. தீபத்துக்கு நாலு நாள் முன்னாடி.”

“மாண்டஸ்?”

“கத்தரிப்பூ. தீபம் முடிஞ்சு. போன தடவை ஃபெஞ்சலுக்கு வெங்காயத்தோல் கலரு. போதுமா, இன்னும் வேணுமா?”

எல்லாத்தையும் தேதியோட சரி பார்த்துட்டு இளவரசி போனைக் கீழ வெச்சா. “வானிலை ஆபீஸ்ல உன்னை வேலைக்கு வெச்சிருக்கணும்மா.”

“அங்க உக்காந்தா இங்க யாரு மிதிக்கிறது?” கிருஷ்ணம்மா சொன்னாங்க. “கார்த்திகையிலேருந்து வருஷக் கடைசி வரைக்கும் எப்போ வேணா வரும்டி. தேதியைப் புடிச்சிக்கினு தொங்கிப் பிரயோஜனம் இல்ல. வீட்டைப் பாப்போம், வீட்டுக்காரனைப் பாப்போம்.”

மொதல்ல அதே ஊர்ல இன்னொரு வீட்டுக்காரருக்குப் போன் போட்டாங்க. மாண்டஸ் அன்னிக்கு இன்னா ஆச்சுன்னு கேட்டதுக்கு, “எங்க வீட்டுல ஒரு ஓலை கூட ஆடலைம்மா”ன்னாரு. கிருஷ்ணம்மா கட் பண்ணச் சொல்லிட்டாங்க. ரெண்டாவது, இளவரசி காட்டின வீட்டோட சொந்தக்காரரு ஆனந்தராஜ்.

“ரோட்டுலேருந்து வீட்டுக்கு எத்தினி படி?”

“அஞ்சு படிம்மா.”

“மாண்டஸ் அன்னிக்கு இன்னா ஆச்சு?”

“கடல் பக்கத்துக் காம்பவுண்டு சுவரு சாஞ்சிடுச்சும்மா. ரெண்டு தென்னை போச்சு. மூணு நாள் கரண்டு இல்ல. ஆனா வீட்டுக்குள்ள தண்ணி வரல.”

கிருஷ்ணம்மா போனைக் கையால பொத்திக்கினு, “இந்த ஆளு பொய் சொல்லல”ன்னாங்க.

அட்வான்ஸு பேச்சு வந்தது. ஏழு நாளைக்கு முன்னாடி வேணாம்னு சொன்னா முழுப் பணமும் திரும்பும், அதுக்கப்புறம் ஒரு பைசா கெடையாதுன்னாரு ஆனந்தராஜ்.

“புயல் வருதுன்னு எத்தினி நாள் முன்னாடி நிச்சயமா சொல்லுவாங்க?”

“நாலு நாள், அஞ்சு நாள்.”

“அப்போ உன் ஏழு நாளை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? ஊறுகா போடறதா?”

அந்தப் பக்கம் சிரிச்சிட்டாரு. “எல்லா எடத்துலயும் இதாம்மா ரூல்ஸு.”

எல்லா எடத்துலயும் இருக்குதுன்னா அது நியாயம் ஆயிடாது. கிருஷ்ணம்மா எந்தக் கூட்டத்துலயும் கொடி புடிச்சதில்ல. ஆனா கேக்க வேண்டியதைக் கேட்டாங்க. “சரிபா, பணத்தை நீயே வெச்சிக்கோ. ரெட் அலர்ட்டு குடுத்தா வேற தேதி குடு. அதை எழுதி அனுப்பு.”

பத்து நிமிஷத்துல வாட்ஸப்புல எழுத்து வந்தது.

அப்போதான் மாணிக்கவாசகம் வாயைத் தொறந்தாரு. “அந்த வீட்டைப் பத்தி இவ்ளோ கேட்டியே. இந்த வீட்டைப் பத்தி யாரைக் கேப்ப?”

எல்லாரும் குழியைப் பார்த்தாங்க.

பிள்ளையார்பாளையத்துல பெருமழைன்னா குழிக்குள்ள அடியிலேருந்து ஊத்து எடுக்கும். எறைச்சு ஊத்தலைன்னா ஈரம் மேல ஏறும். பாவு தொளதொளன்னு ஆயிடும், ஜரிகை கறுத்துடும். கறுத்த ஜரிகைக்கு நெசவாளிதான் பதில் சொல்லணும். ஒவ்வொரு புயலுக்கும் புருஷனும் பொண்டாட்டியும் பக்கெட்டை வெச்சிக்கினு முழிச்சிருந்திருக்காங்க. போற எடத்துல புயல் அடிச்சா என்னன்னு ஊர்ல எல்லாரும் யோசிப்பான். விட்டுட்டுப் போற எடத்துல அடிச்சா என்னன்னு யோசிக்கிறவன் குழித்தறிக்காரன்.

“பக்கத்து வீட்டுக் கலாவதி அக்காவை எறைக்கச் சொல்லலாம்மா,” இளவரசி சொன்னா.

“அவ குழியை யாரு எறைப்பா?”

இளவரசி போனைப் பையில போட்டுக்கினா. அத்தோட இந்தப் பேச்சு முடிஞ்சதுன்னுதான் நெனச்சா.

கிருஷ்ணம்மா எழுந்து தறிக்கிட்ட போனாங்க. ஒரு பாவுல மூணு புடவை வரும். ரெண்டை முடிச்சு அறுத்தாச்சு, மூணாவது ஆரம்பிச்சு நாலு விரக்கடை ஓடியிருக்குது. இன்னும் பத்து நாள் வேலை. பாவைத் தடவிக்கினே சொன்னாங்க.

“இதை அறுத்துட்டு, அடுத்த பாவை வாங்காம போவோம். தறி காலியா கெடந்தா குழியில தண்ணி நின்னா என்ன, வத்துனா என்ன?”

மாணிக்கவாசகம் மோவாயைச் சொறிஞ்சாரு. “முதலாளி கேட்டா?”

“கேக்கட்டும்.”

அன்னிக்கே அடுத்த வார வெள்ளி, சனி, ஞாயித்துக்கு அட்வான்ஸு போட்டாங்க. அன்னியிலேருந்து பத்தாம் நாள் புதன்கிழமை புடவையை அறுத்துட்டாங்க. குடுக்கப் போன எடத்துல முதலாளி திருஞானசம்பந்தம், “அடுத்த பாவு ரெடியா இருக்குதும்மா, எடுத்துக்கினு போ”ன்னாரு.

“வீடெல்லாம் ஈரம். ஜரிகை கறுத்துச்சுன்னா என்னைத்தான் கேப்பீங்க. உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும், திங்கக்கிழமை வாங்கிக்கிறேன்.”

அவரு பாவைத் திருப்பி எடுத்து வெச்சாரு. முப்பத்தி நாலு வருஷத்துல முதல் தடவையா மழைக்குப் பயந்துக்கினு பாவு முதலாளி வீட்டுப் பரண்ல தங்குச்சு.

வியாழக்கிழமை டிவியில காத்தழுத்தத் தாழ்வுன்னு சொன்னான். ஆரஞ்சு அலர்ட்டு. ரெட் இல்ல. அதனால எழுதி வாங்கின சீட்டு செல்லாது. போனா மழையில மாட்டணும், போகலைன்னா பணமும் போச்சு, ஆசையும் போச்சு. ஓசூர்லேருந்து பையன் விக்னேஷ் வந்து எறங்கிட்டான், கழுத்துல ஐயப்பன் மாலையோட.

“இன்னாம்மா, போலாமா வேணாமா?”

“ஆரஞ்சு கலரு புடவை நாம நெய்ஞ்சதே இல்ல,” மாணிக்கவாசகம் சொன்னாரு. “அதனால புயல் வராது.”

“நீ சும்மா இருய்யா.” கிருஷ்ணம்மா மறுபடியும் ஆனந்தராஜுக்குப் போன் போட்டாங்க. ஜெனரேட்டர்ல டீசல் ரொம்பி இருக்குது. திருக்கழுக்குன்றம் ரோட்டுல தண்ணி இல்ல. அஞ்சு படி அப்படியேதான் இருக்குது. எல்லாத்தையும் கேட்டுட்டுத் திரும்பினாங்க. “போலாம். புள்ளைங்க யாரும் மணல்ல எறங்கக் கூடாது. எறங்கினா முதுகுத் தோலை உரிச்சிடுவேன்.”

மழைக்கு வெள்ளிக்கிழமை ஸ்கூல் லீவு விட்டுட்டாங்க. செங்கல்பட்டு வழியா வேன்ல போய்ச் சேந்தாங்க. கடல் களிமண் கலர்ல பொங்கிக்கினு இருந்தது. ஆனந்தராஜ் பெருமையா வஞ்சிரம் எடுத்துக்கினு வந்தாரு. விக்னேஷ் மாலையைப் பார்த்துட்டு, மீனைத் திருப்பி எடுத்துக்கினு போய்ட்டாரு. கடல் ஓரமா உக்காந்துக்கினு ஏழு பேரும் கத்திரிக்கா சாம்பாரு சாப்ட்டாங்க. இளவரசி வீட்டுக்காரரு மட்டும் அந்த மீன் போன தெசையையே பார்த்துக்கினு இருந்தாரு.

ராத்திரி கொட்டின மழைக்குக் காலையில கிருஷ்ணம்மாவால பொறுக்க முடியல. கலாவதிக்குப் போன் போட்டாங்க.

“குழி இன்னாடி ஆச்சு?”

“ஒரு சாண் தண்ணிக்கா. தவளை ஒண்ணு குடும்பத்தோட வந்திருக்குது.”

“அதுக்கும் லீவு போல. வாடகை கேட்டு வை.”

ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சிரிச்சாங்க. போனை வெச்சிட்டு, கிருஷ்ணம்மா வராண்டாவுல சாய்வு நாற்காலியில காலை நீட்டிக்கினாங்க. மழை அடிச்சிக்கினே இருந்தது. காலுக்குக் கீழ மிதி இல்ல. கொஞ்ச நேரத்துல குறட்டை சத்தம் வந்தது. மாணிக்கவாசகம் போர்வையைக் கொண்டாந்து போத்திட்டு, சத்தம் போடாதீங்கன்னு புள்ளைங்களை உள்ள தொரத்துனாரு.

தாழ்வு வலுவில்லாம வடக்கால போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்த்தது. அந்த ஒரு மணி நேரத்துல அந்தம்மாவே சொன்ன சட்டத்தை அந்தம்மாவே மீறி மணல்ல எறங்கி, முட்டி நனைய நின்னாங்க. பேரப்புள்ளைங்க கைதட்டிச்சுங்க. “முதுகுத் தோலை யாரு உரிக்கிறது?”ன்னு விக்னேஷ் கேட்டான். “உங்கப்பனை உரிக்கச் சொல்லு, அவருக்குத்தான் இப்போ வேலை இல்ல”ன்னாங்க.

சாயந்திரம் வேன் ஏறும்போது இளவரசி ஒரு கணக்கு சொன்னா. வெள்ளிக்கிழமை மத்தியானத்துலேருந்து அது வரைக்கும் அம்மா தூங்கினது இருவத்தி ஒம்பது மணி நேரம்.