இனிகோவின் சத்தமில்லாத கம்ப்யூட்டர்

திண்டுக்கல் நாகல் நகரில் மாடி வீட்டில் குடியிருக்கும் இனிகோவின் குரல் ஊருக்கே தெரியும். ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே" என்று தெருத்தெருவாக அலறவிடுகிறார்களே, அந்தக் குரல் அவருடையதுதான். துணிக்கடைத் தள்ளுபடி, பல் ஆஸ்பத்திரி திறப்பு விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் ஒரே கம்பீரம். கண்ணீர் அஞ்சலியைக் கேட்டுவிட்டுத் தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று விசாரித்தவர்களும் உண்டு. தொட்டிலில் தூங்கும் பிள்ளைகளை எழுப்பிவிடுகிறோமே என்று அவர் ஒருநாளும் வருந்தியதில்லை. அப்படிப்பட்ட மனிதருக்குத் தன் கம்ப்யூட்டரில் சுற்றும் சின்ன ஃபேனின் சத்தம் பொறுக்காமல் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, புது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் குரலைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். வாக்கியங்களுக்கு நடுவே 'உஸ்' என்று மெல்லிய இரைச்சல். ஃபேன்தான் காரணம் என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டார். அவர் மனைவி ரீனா கணக்கு டீச்சர். ஆட்டோ குழாயில் அலறும்போது இதெல்லாம் யார் காதில் விழப்போகிறது என்று கேட்டாள். கலைஞனின் காதில் விழும் என்றார் இனிகோ.

பிராசஸருக்குப் போகும் வோல்டேஜையும் அதன் வேகத்தையும் குறைத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் ஃபேனே தேவையில்லை என்று ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோவில் விளக்கியிருந்தார். அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விளக்கியதை இனிகோ கவனிக்கவில்லை.

வேலையில் இறங்கினார். வோல்டேஜைக் கொஞ்சம் குறைப்பார், மெஷின் ஓடும். இன்னும் கொஞ்சம் குறைப்பார், அப்போதும் ஓடும். ஆசைப்பட்டு மேலும் ஒரு படி இறங்கினால் திரை நீலமாகி விறைத்துவிடும். ஒரு படி ஏற்றி உயிர் கொடுப்பார். வேகத்தையும் பாதியாக்கினார். ஃபேனைக் கழற்றிவிட்டு, சூட்டை இழுத்து வெளியே விடும் அலுமினிய ஹீட் சிங்க் ஒன்றைப் பொருத்தினார். அது இருந்த பருமனுக்குக் கம்ப்யூட்டரின் மூடியை மூட முடியவில்லை. பவர் சப்ளைக்குள் இன்னொரு ஃபேன் இருந்தது. அதையும் ஒழித்து அடாப்டர் வைத்தார்.

கடைசியில் கம்ப்யூட்டர் ஓடுகிறதா என்பதை விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அதன் பக்கத்தில் காதை வைக்கச் சொன்னார். கீழ்வீட்டு அப்துல் சுக்கூர் வெகுநேரம் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று ஆறுதல் சொன்னார்.

அந்தக் கம்ப்யூட்டரில் முதல் விளம்பரம் பதிய அய்யலூரிலிருந்து பொம்மையன் வந்தார். ஆட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் புதிதாகத் தீவனக் கடை போட்டிருந்தார். இனிகோ கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, சீலிங் ஃபேனையும் நிறுத்தினார். மே மாத வெயிலில் இருவரும் வேர்த்து வழிய விளம்பரம் பதிவானது. போட்டுக் கேட்டால் அதே 'உஸ்'. இம்முறை தெளிவாக, முடிவில் ஒரு சின்ன விசிலோடு.

டியூப் லைட்டை அணைத்தார். கீழே இறங்கிப்போய் அப்துல் சுக்கூர் வீட்டு ஃப்ரிட்ஜையும் நிறுத்தச் சொன்னார். மீண்டும் பதிந்து பார்த்தும் விசில் போகவில்லை. வேறு வழியில்லாமல் ரீனாவைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனைக் கொடுத்தார்.

அவள் ஒரு வாக்கியத்துக்கு மேல் கேட்கவில்லை. "இது உங்க மூக்குங்க," என்றாள்.

"என்னது?"

"கல்யாணம் ஆனதுல இருந்து பக்கத்துல படுத்துக் கேக்குறேன், எனக்குத் தெரியாதா? இடது பக்கம்."

பொம்மையன் சிரிப்பை மறைக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "செத்த நேரம் மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் பேசிப் பாருங்க சார்," என்று பரிவோடு சொன்னார்.

பேசிப் பார்த்தார். பருத்திக்கொட்டை, புண்ணாக்கு வரைக்கும் சமாளித்தார். 'மலிவு விலையில்' வரும்போது கண் பிதுங்கிவிட்டது. சரி, மூச்சுச் சத்தத்தைக் கம்ப்யூட்டரிலேயே துடைத்துவிடலாம் என்று உட்கார்ந்தால், பாதி வேகத்துக்கு இறக்கிய மெஷின் நகர மறுத்தது. பொம்மையனோ கடைசி பஸ்ஸுக்குள் கிளம்ப வேண்டும் என்றார். இனிகோ வேகத்தையும் வோல்டேஜையும் பழையபடி ஏற்றினார். ஹீட் சிங்க் தோசைக்கல்லாகக் கொதித்தது. மெஷின் சத்தமே இல்லாமல் அணைந்துபோனது.

எழுந்து, கழற்றிய ஃபேனைத் தேடி எடுத்து ஹீட் சிங்க்கின் மேல் கட்டினார். மறுபடி பதிந்து கேட்டால், அது இரைந்த இரைச்சலில் மூக்கு இருந்த இடம் தெரியவில்லை.

"இப்பத்தான் குரலுக்கு ஒரு கனம் வந்திருக்கு," என்றார் இனிகோ. பொம்மையன் வேகமாகத் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

ரீனா விடவில்லை, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, சின்ன ஆபரேஷன் போதும் என்றார் டாக்டர். ஊசி என்றாலே வெலவெலத்துப்போகும் இனிகோ, குரலின் தனித்தன்மை கெட்டுவிடும் என்று காரணம் சொல்லித் தப்பித்து வந்துவிட்டார்.

சந்தை நாளன்று மத்தியானம் பொம்மையன் போன் செய்தார். விளம்பரம் எப்படி என்று இனிகோ கேட்டார்.

"பிரமாதம் சார். ஆடெல்லாம் மெரண்டு கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சு. என் கடையில தீவனம் அம்புட்டா போகல, கயிறு மொத்தமும் வித்துப்போச்சு. அடுத்த வாரத்துக்கும் ஒண்ணு பேசிக் குடுத்துருங்க."

இனிகோ ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.