தபால் சித்தப்பா

கண்ணாடிக் கடையில் அவனுக்கு நல்ல பெயர். வெட்டும் முனையால் ஒரே கோடு இழுத்து, மேசை விளிம்பில் வைத்து அழுத்தினால் கண்ணாடி அவன் சொன்ன இடத்தில் பிரியும். வீட்டில் அவனுக்கு வேறு பெயர்.

அப்பாவும் அண்ணனும் பேச்சை நிறுத்தி வருடக்கணக்கில் ஆகிறது. அப்பா வெளியூர் போயிருந்தபோது அவர் கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து அண்ணன் நகர்த்திவிட்டான்; அவ்வளவுதான் விஷயம். கட்டில் மறுநாளே பழைய இடத்துக்குத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. கூடத்தின் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அப்பா இந்தப் பக்கம், அண்ணன் அந்தப் பக்கம். "மோட்டாரை நிறுத்தச் சொல்லு அவனை" என்று அப்பா சொல்வது அண்ணன் காதில் தெளிவாக விழும். ஆனாலும் தம்பிக்காரன் தடுப்பைச் சுற்றிப் போய் அதையே சொன்ன பிறகுதான் எழுந்திருப்பான். அண்ணனின் பிள்ளைகள் இவனைத் தபால் சித்தப்பா என்று கூப்பிட்டார்கள். யாரும் அதட்டவில்லை.

அவன் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. அவள் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் பக்கத்தில் இரண்டறை வீடு ஒன்றைப் பிடித்தாள். அங்கே உடைந்திருந்த ஜன்னல் கண்ணாடியை அவனே அளவெடுத்து மாற்றினான். சாவி கைக்கு வந்தது. அப்பாவிடம் சொல்வதுதான் பாக்கி.

"இன்னிக்காவது வாயைத் திறப்பீங்களா? இல்ல, அதுக்கும் ஒரு ஆள் வைக்கணுமா?" என்றாள் மனைவி.

சாயங்காலம் அப்பா கட்டிலில் கால் நீட்டியிருந்தார். அவன் தடுப்பை ஒட்டி, எப்போதும் நிற்கிற இடத்திலேயே போய் நின்றான். வேறு எங்கே நிற்பதென்று தெரியவில்லை.

"அப்பா, தனியா ஒரு வீடு பார்த்திருக்கு. போகலாம்னு இருக்கோம்."

"பார்த்துட்டானா? எதிர்பார்த்ததுதான். தாராளமாப் போகச் சொல்லு."

"அண்ணன் இல்லப்பா. நானும் அவளும்."

அப்பா சிரித்தார். "அவனுக்காக நீ ஏன்டா பழியைத் தூக்கிக்கற? உனக்குன்னு ஒரு வார்த்தை என்கிட்ட என்னைக்குப் பேசியிருக்க?" பிறகு தடுப்பைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "போறவனை இங்க யாரும் கையைப் பிடிச்சு இழுக்கலன்னு சொல்லுடா!"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணன் வந்தான். அப்பாவைப் பார்க்காமல் இவனிடம் கேட்டான்.

"என்னை வெளிய போகச் சொல்றாரா?"

"ஐயோ, இல்லண்ணா. நான்தான்..."

"மழுப்பாதடா. எனக்கும் காது இருக்கு. வீடு வேற பார்த்து வெச்சாச்சு, இல்ல? சாவி எங்க?"

"அண்ணா, அது நாங்க..."

"குடுடா."

கொடுக்காமல் இருந்திருக்கலாம். கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொண்டுபோய்க் கொடுத்தே பழகிய கை, தானாகச் சட்டைப் பைக்குள் போனது.

அந்த வாரமே அண்ணன் குடும்பம் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. முன்னதாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அண்ணி, "ஜன்னல் கண்ணாடி என்னமா மின்னுது தம்பி! போட்டவன் கைகாரன்தான்" என்றாள். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. விழுந்ததா, வீசப்பட்டதா என்று அவன் போய்ப் பார்க்கவில்லை. இனி அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது என்பது மனைவிக்கும் தெரியும்.

குடிபோன இரண்டாம் நாள் அண்ணனிடமிருந்து ஃபோன்.

"டேய், அந்தப் பெரிய ஏணியை எடுத்துக்கலாமான்னு அவரைக் கேளு."

அவனுக்கு எங்கிருந்தோ எரிச்சல் பொங்கியது. ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனைக் கட்டிலில் வைத்தான். "நீங்களே பேசிக்குங்க" என்று நகர்ந்து நின்றான். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

அப்பா ஃபோனைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"என்னவாம் அவனுக்கு?"

"டேய், என்ன சொல்றாரு?" என்றது ஃபோன்.

அப்பா அவசரப்படவில்லை. அண்ணனும் ஃபோனை வைக்கவில்லை. இருவரும் காத்திருந்தார்கள்.

"ஏணி வேணுமாம்ப்பா" என்றான்.

மனைவி உள்ளே போய்விட்டாள்.