அத்தானை மறித்த நாள்

அத்தான் பனிக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்றும் கண்ணில் நிற்கிறது. அக்காவைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பயத்தினால் அல்ல, அவர் தொடங்குகிற எதுவும் கலகலப்பாக முடியும் என்பதால். சிட்னியின் பிளாக்டவுனில் மீன் வாங்குவதற்கும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஊர்வலமாகப் போகிற மனிதர். யாழ்ப்பாணத்து வெயிலில் பிறந்தவருக்கு ஐம்பதை நெருங்கும்போது பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்தது. ஆளை மேலே ஏற்றும் லிஃப்டும் வேலியும் உள்ள இடங்கள் அலுத்துப்போய், ஆளில்லாத பின்மலைக்குப் போகவேண்டும் என்றார். அக்காவும் நானும் என் கணவரும் வழக்கம்போல் தலையாட்டினோம்.

முதலில் பனி சரிந்து ஆளை மூடினால் என்ன செய்வது என்று பயிற்சி எடுக்கவேண்டும் என்று மட்டும் அக்கா ஒற்றைக்காலில் நின்றாள். ஸ்னோயி மலையில் ஒரு வார இறுதி. நெஞ்சில் கட்டிய கருவி விட்டுவிட்டுக் கூவ, புதையுண்ட ஆளாகப் பாவித்துப் பனிக்குள் புதைத்துவைத்த பையைத் தேடி, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வாரியால் தோண்டினோம். அத்தான் பையைத் தூக்கிப் பிடித்து, "ஆள் உயிரோட இருக்கிறார், தேத்தண்ணி கேக்கிறார்" என்றார். பயிற்சியாளரான வெள்ளைக்காரப் பெண்மணிக்கு அதை மொழிபெயர்த்ததும் அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

மத்தியானம் அந்தப் பெண்மணி அத்தானின் காதில் ஏதோ சொன்னார். அத்தான் எங்களை ஒரு சின்ன மேட்டின் பக்கமாக நடத்திக்கொண்டு போனார். காலடியில் பனி பொதுக்கென்று அமுங்கியது. முன்னால் ஒரு வெடிப்பு நீளமாக ஓடியது. பனி சரியப்போவதைக் காட்டும் இந்த அடையாளங்களைக் காலையில்தான் படித்திருந்தோம். மூவரும் கண்டோம், மூவரும் பேசாமல் பின்னால் போனோம். விசில் கேட்டது. வேண்டுமென்றே பிழையான வழியில் கூட்டிப்போகச் சொன்னதே பயிற்சியாளர்தானாம். ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று கேட்டார்.

"வெளிக்கிட்ட மனிசனை மறிக்கிறது சகுனப் பிழை எல்லோ?" என்றாள் அக்கா.

புறப்பட்டவரைத் தடுத்தால் கெட்ட சகுனம் என்பதை ஆங்கிலத்தில் சொல்ல நான் பட்ட பாடு! இந்த முறை பயிற்சியாளர் சிரிக்கவில்லை. மலையில் ஒருவர் வேண்டாம் என்றால் போதும், காரணம் கேளாமல் எல்லோரும் திரும்பவேண்டும் என்றார். அத்தானின் முகம் வாடிவிட்டது. சிட்னிக்குத் திரும்பும் வழியெல்லாம், "நான் சாகப் போனாலும் பின்னால வருவியளோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்த குளிர்காலம். அத்தானின் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதன்பின் சறுக்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருடக்கணக்காக அவர் ஆசைப்பட்ட சாய்வின் உச்சியில் நால்வரும் நின்றோம். முந்தின நாள் அடித்த காற்று பனியை அள்ளிவந்து விளிம்பில் குவித்திருந்தது. அத்தான் இறங்கத் தயாராகிவிட்டார். அப்படிக் குவிந்த பனி சரியலாம் என்று பயிற்சியில் படித்தது எனக்கு நினைவு வந்தது.

"அத்தான், வேண்டாம். நான் வரேல்லை."

அப்போதுதான் அப்படித் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்க ஆசை. சொன்னதை விழுங்கிவிடலாமா என்றிருந்தது எனக்கு. அவர் காரணம் கேட்கவில்லை. குனிந்து சறுக்குப் பலகைகளைக் கழற்றினார்.

நாங்கள் ஒதுங்கியிருந்து தேநீர் குடிக்கையில், இளைஞர்கள் இருவர் அதே சாய்வில் கூவிக்கொண்டு இறங்கினார்கள். சுகமாகக் கீழே போய்ச் சேர்ந்து எங்களுக்குக் கையும் காட்டினார்கள். இப்போது அத்தான் கோலூன்றித்தான் மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வருகிறார். அந்தச் சாய்வு அவருக்குக் கிடைக்கவேயில்லை. ஆனால் கோயிலில் யாரைக் கண்டாலும், "என்னை மறிச்சவள் இவள்தான்" என்று என்னைப் பெருமையாகக் காட்டுவார். ஆனால் அன்று மலையில், அந்த இளைஞர்கள் கை காட்டியபோது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உங்கட ஆசையைக் கெடுத்திட்டன், அத்தான். பனி ஒண்டும் சரியேல்லையே."

அவர் என் கோப்பையை நிரப்பி நீட்டினார்.

"மச்சாள், நாங்கள் போய், அது சரிஞ்சிருந்தால், நீ சொன்னது சரியெண்டு சொல்ல ஆர் உயிரோட இருந்திருப்பினம்? குடி, ஆறப்போகுது."