வாணி மிஸ்ஸின் வண்டிச் சாவி

வேலை நேரத்தில் அஸ்மி நானா யாருக்கும் போன் பண்ண மாட்டார். பண்ணினாலும் பின்னால் ஏதாவது ஓர் எஞ்சின் கத்திக்கொண்டிருக்கும். பாதி கேட்கும், பாதி கேட்காது. அன்று நான் தேயிலை ஃபெக்டரி மாடியில் கொழுந்து வாடிவிட்டதா என்று கையில் அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய அழைப்பு வந்தது. மாவனல்லையில் இருக்கும் அவருடைய கராஜ் அப்படி அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

“டீமேக்கர், மிஸ் மௌத்தாகிட்டாங்க” என்றார்.

இறந்தது எந்த மிஸ் என்று நான் கேட்கவில்லை. முந்தின நாள் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தவர்கள், “சேலைன் ஏறுது, பேசுறாங்க” என்றுதான் சொன்னார்கள். இரண்டு போத்தல் ஏறினால் எழுந்து வந்துவிடுவார் என்றே நாங்களும் இருந்தோம். கையில் இருந்த கொழுந்தை எங்கே போட்டேன் என்று இப்போதும் நினைவில்லை.

வாணி மிஸ்ஸை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் தோட்டத்துக்கும் சுற்றுப்பக்கத் தோட்டங்களுக்கும் அவர் குடும்பநல மருத்துவ மாது. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருக்கும் ஜனங்களுக்கு மிட்வைஃப் மிஸ். மற்ற மிஸ்மார் ஸ்கூட்டியில் போவார்கள். இவர் மட்டும் ஓர் உயரமான பழைய பைக்கில், சேலைக்கு மேலே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ரப்பர் மலை ஏறி வருவார். எங்கள் ரோட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் புரியும்.

அவருக்கும் அஸ்மி நானாவுக்கும் எனக்கும் ஒரே வியாதி. “மூணு பேருக்கும் பைக் பிஸ்ஸு” என்று என் மனைவி சிங்களத்தில் பெயர் வைத்தாள். பேரன் எடுத்த வயதில் எனக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது, மறுக்கவில்லை. இலங்கையை ஒரே ஓட்டமாகச் சுற்றி வருவதுதான் எங்கள் கனவு. மேற்குக் கரையால் ஏறி, மன்னார் தாண்டி, யாழ்ப்பாணத்தைத் தொட்டு, கிழக்குக் கரையால் இறங்கி, காலி வழியாக மறுநாள் பொழுது சாய்வதற்குள் மாவனல்லைக்கு வந்துவிட வேண்டும். அப்படி ஓடுவதற்கு வண்டியைத் தயார் பண்ணுவதே ஒரு தனி வேலை. அந்த வேலையில்தான் மிஸ்ஸின் குணம் எனக்குத் தெரியவந்தது.

அஸ்மி நானாவுக்குக் கை துறுதுறுத்தது. “பெரிய டாங்க் ஒன்னு ஈக்கி மிஸ். போட்டா நிக்காமலே மன்னார் மட்டுக்கும் போகலாம்” என்றார். முதுகுப் பையிலிருந்து வாய்க்குத் தண்ணீர் வரும் குழாய் ஒன்றையும் எடுத்துக் காட்டினார். மிஸ் இரண்டையும் வேண்டாம் என்றார்.

“பெட்ரோல் முடிஞ்சா நான் எறங்கணும் நானா. தண்ணி குடிக்கவும் எறங்கணும். எறங்குறதுக்கு ஒரு சாக்கு வேணும். இல்லாட்டி நான் எறங்கவே மாட்டேன், என்னைய எனக்குத் தெரியும்.”

நானா என்னைப் பார்த்தார். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள் எல்லோரும் நிற்காமல் போக வழி தேடுவார்கள். நிற்பதற்கு வழி தேடிய ஆளை நாங்கள் இருவரும் அன்றுதான் பார்த்தோம். வேறு எதிலும் அவர் குறை வைக்கவில்லை. ஹேண்டிலைச் சற்று உயர்த்தினார், தோள் குனியாமல் இருக்க. மழையில் ரோடு தெரிய இரண்டு மஞ்சள் லைட். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி. கனமான சாமான் அடியில், உடுப்பு மேலே. சீட்டுக்காகக் குஷன் கடைக்காரரை அவர் படுத்திய பாட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். தைத்ததைப் பிரித்து, திரும்பத் தைத்து, கடைசியில் அந்த மனிதர், “மிஸ், இதுக்குக் கல்யாண மெத்தையே தச்சிருப்பேன்” என்று கும்பிட்டுவிட்டார். “ஒக்காந்த ஒடனே சொகமா இருந்தா அது நல்ல சீட் இல்லீங்க. ஒக்காந்திருக்கறதே மறந்து போகணும்” என்பது மிஸ்ஸின் கட்சி.

முதல் தடவை தனியாகக் கிளம்பியபோது அவர் மன்னாருக்குத் திரும்பும் இடம்வரைதான் போனார். வண்டிக்கு ஒன்றும் இல்லை. கண்ணைச் சொக்கியதாம். ஒரு தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் படுத்துத் தூங்கி எழுந்து, நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு பல மாதம் அவரை நான் “பாதி மிஸ்” என்றுதான் கூப்பிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

“கூப்புடுங்க டீமேக்கரய்யா, பரவால்ல” என்று சிரித்தார். “நான் வீடு வீடாப் போயி என்னா சொல்றேன்? ஒடம்புக்கு முடியலன்னா லயத்துலயே கெடக்காதீங்க, எந்திரிச்சி வாங்கன்னுதானே? அதையே நான் செஞ்சா பாதியா?”

இன்னொரு சட்டமும் அவருடையதுதான். கிளம்பும்முன் யாரும் தன் வண்டியைத் தானே பார்க்கக் கூடாது. என்னுடையதை அவர் பார்ப்பார், அவருடையதை நானா பார்ப்பார், நானாவுடையதை நான். “நம்ம புள்ள கறுப்புன்னு நமக்குத் தெரியுமா? வண்டியும் அப்படித்தான், பாசம் மறைச்சுப்புடும்” என்பார். ஒருமுறை என் செயின் தளர்ந்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அந்த மாதம் முழுக்க அதை எண்ணெய் போட்டுத் துடைத்தவன் நான், எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் ஓட்டத்துக்கு வண்டி தயாராக இருந்தபோதுதான் அந்தப் பெருமழை வந்தது. மலை சரிந்து எங்கள் ரோடு இரண்டு இடத்தில் அறுந்தது. கீழே வயலும் ஆறும் ஒன்றாகிவிட்டன. ஜீப் போகாத இடத்துக்கு மிஸ்ஸின் பைக் போனது. ஓட்டத்துக்குச் செய்த அலுமினியப் பெட்டிகளில் பால்மாவும், எலிக்காய்ச்சல் வராமல் இருக்கக் கொடுக்கும் குளிசை மாத்திரைகளும் இருந்தன. பைக்கும் போகாத இடத்தில் சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு சேற்றுத் தண்ணீரில் இறங்கி நடந்தார். ஒவ்வொரு லயத்து வாசலிலும் நின்று அவர் சொன்னதை நானே கேட்டேன்.

“தண்ணியில கால் வச்சவங்க எல்லாம் குளிசையப் போடுங்க. காச்சலோட கெண்டக்கால் வலிச்சா, கண்ணு செவந்தா, வெத்தலச் சாறு அது இதுன்னு பாக்காம ஒடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. வெளங்குதா?”

தண்ணீர் வடிந்து ரோடு திறந்ததும், வண்டி சேற்றில் ஓடியதால் ஏதும் கெட்டிருக்கிறதா பார்க்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிகத் தூரமில்லாத கித்துல்கலை வரை போய்த் திரும்பினார். மறுநாள் கராஜில் மூவரும் சந்தித்தோம். அவருடைய கண் இரண்டும் சிவந்திருந்தன. காலை ஊன்ற முடியாமல் நொண்டினார்.

“என்ன மிஸ், ஒரு கித்துல்கலைக்கே இப்படியா?” என்று நான்தான் ஆரம்பித்தேன்.

“கால் ரெண்டும் கட்டையாட்டம் இருக்குங்க. மேலெல்லாம் வலி. ரொம்ப நாள் கழிச்சி ஓட்டுனதுல்ல” என்றார்.

அஸ்மி நானா அவருடைய ஹெல்மெட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “கண்ணாடி எல்லாம் கீறல் மிஸ். காத்தும் தூசியும் உள்ளுக்கு வருது, அதான் கண்ணு செவந்து ஈக்கி.” அப்போதே புதுக் கண்ணாடி மாட்டிக் கொடுத்தார். கால் வலிக்கு, மிதியை ஒரு விரல் அளவு முன்னால் தள்ளிப் பூட்டினார். மிஸ் ஏறி உட்கார்ந்து பார்த்து, “இப்ப சரி நானா” என்றார்.

அவர் இறந்த பிறகு அந்த ‘இப்ப சரி’ எங்களைத் தூங்க விடவில்லை. லயத்து வாசலில் அவர் சொன்ன அடையாளம் எல்லாம் அவர் உடம்பிலேயே எங்கள் முன்னால் நின்றது. நாங்களோ ஹெல்மெட்டையும் மிதியையும் திருத்தினோம். பைக்காரனுக்குக் கண் சிவப்பதும் கால் வலிப்பதும் தினசரிச் சமாசாரம். வேறு எவரையும் இந்த நோய் இப்படி ஏமாற்றியிருக்காது. பிள்ளை பெற்ற பச்சை உடம்பின் சூட்டைத் தொட்டே சொல்கிறவர், தன் சூட்டை மட்டும் வெயிலில் ஓடிய களைப்பு என்று நினைத்தார். வீட்டிலும் கணவர் மோகனிடம் அதையேதான் சொல்லியிருக்கிறார். மோகன் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். மனைவியின் பைக் பைத்தியத்தை முணுமுணுத்துக்கொண்டே சகித்தவர். எண்ணெய் தேய்த்துவிட்டாராம். காய்ச்சல் கொதித்து, சிறுநீர் நின்ற பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. மற்றவர்களுக்குக் கொடுத்த குளிசையைத் தான் போட்டாரா என்பது யாருக்கும் தெரியவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மரண வீட்டில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். ‘கடைசிவரை சளைக்காத வீராங்கனை’ என்று எழுதியிருந்தது. காய்ச்சலோடும் ஓட்டினார், வலியைக் காட்டவே இல்லை, இரும்பு மனுஷி என்று ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்னார்த் திருப்பத்தில் கண் சொக்கியது என்று வெட்கப்படாமல் திரும்பி வந்த பெண்ணையா இப்படிச் சொல்கிறீர்கள்? வலியைத் தாங்கு என்று அவர் எந்தக் கர்ப்பிணியிடமும் சொன்னதில்லை. தாங்காதே, வா என்றார். அவர் வீரத்தால் சாகவில்லை. எலிக்காய்ச்சலால் செத்தார், எங்கள் கண்ணெதிரே. இப்படி எழுதுவது உங்களில் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று நான் எழுதவும் இல்லை.

கருமாதி முடிந்த வாரம், ஊர் பைக்காரப் பையன்கள் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். மிஸ் முடிக்காத ஓட்டத்தை அவருடைய வண்டியிலேயே முடிப்பது; ஓட்டப்போவது மோகன். ஆபீஸுக்கும் கடைக்கும் பைக் ஓட்டத் தெரிந்தவர்தான் அவர். கண்டியைத் தாண்டி ஓட்டியதில்லை. “எங்கயும் நிக்காம போறேன்ணே. அவளுக்கு நான் வேற என்னா செய்யறது?” என்றார். வண்டி அப்போது நானாவின் கராஜில் நின்றது, கொண்டுபோய் நிறுத்தியவன் நான் என்பதால் சாவி என்னிடம் இருந்தது. குறித்த நாளில் பையன்கள் பூமாலையோடு வந்து நின்றார்கள். போனில் படம் பிடிக்கவும் ஒருவர் தயார்.

மோகன் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். மிஸ்ஸின் ஹெல்மெட்டைக் கையில் வைத்திருந்தார், அந்தப் புதுக் கண்ணாடி போட்டது. அஸ்மி நானா வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்தார். டயர், செயின், லைட், பிரேக், எல்லாம் தொட்டுப் பார்த்து, “வண்டி சரி” என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தாயிற்று, ஆளைப் பார்ப்பது யார் என்று அந்தப் பார்வை கேட்டது.

நான் மோகனுக்கு முன்னால் போய் நின்றேன். “கண்ணு ஏன் செவந்திருக்கு?” என்றேன்.

“காத்துண்ணே. தூசி பட்டுருச்சி.”

“பஸ்ல வந்தவனுக்கு என்னப்பா காத்து?”

 தூங்கினாயா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். சாப்பிட்டாயா என்றேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை, ஆனால் ஆள் நடுங்கினார். அந்த முகத்தில் போகும் அவசரம் இருந்தது. திரும்பி வரும் எண்ணம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

“சாவி இல்ல. வீட்டுக்குப் போ” என்றேன்.

“நீங்க யாருண்ணே தடுக்க?” என்று கத்தினார். “அவ கண்ணு செவந்து நின்னப்ப இப்படிக் கேட்டீங்களா? அன்னைக்குக் கேட்டிருந்தா அவ இருந்திருப்பால்ல?”

 நானா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“கேக்கலப்பா” என்றேன். “யாருமே கேக்கல.”

அவர் ஹெல்மெட்டை வாங்குப் பலகையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். நானா பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தார். பையன்கள் மாலையை வண்டிக்குப் போட்டுவிட்டு முறைத்துக்கொண்டே போனார்கள். பிறகு மோகன் வந்த வழியே பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆபீஸில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். செத்தவளின் ஆசையை முடக்கிய கிழவன் என்று என்னைத் திட்டுவதாகவும் காதுக்கு வருகிறது.

அவர் வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, திரும்பி வருவேன் என்று சொல்லி வந்து கேட்கும் நாளில் சாவியைக் கொடுப்பேன். பாதியில் திரும்பினாலும் போதும் என்று சொல்லித்தான் கொடுப்பேன். அதுவரை மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது, என் சட்டைப் பையில் இருக்கும் இந்தச் சாவியும், கிளம்புகிற எவரையும் ‘கண்ணு ஏன் செவந்திருக்கு?’ என்று முகத்துக்கு நேரே கேட்கும் அந்த ஒரு கேள்வியும்தான். மோகன் என்னைத் திட்டட்டும். திட்டுவதற்காவது அவர் உயிரோடு இருக்கட்டும்.